குறுந்தகடு தந்த குரல்கள்

1990களின் தொடக்கம் வரை கணினி விளையாட்டுகளில் பாத்திரங்களின் பேச்சைப் பெரும்பாலும் எழுத்தாகவே படிக்க வேண்டியிருந்தது. 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் நெகிழ்வட்டில் நீண்ட உரையாடலின் ஒலிப்பதிவுக்கு இடமில்லை. ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தகடு பரவியதும் பாத்திரங்கள் வாய்திறந்தன. நகைச்சுவை நடிகர்களுக்கு ஒரு புதிய களம் பிறந்தது.

டெர்ரி பிராட்செட்டின் நாவல்களைத் தழுவி 1995இல் பிரிட்டனில் உருவான 'டிஸ்க்வேர்ல்டு' இதற்குத் தக்க சான்று. கோழை மந்திரவாதி ரின்ஸ்விண்டுக்குக் குரல் கொடுத்தவர் 'மான்டி பைத்தான்' குழுவின் எரிக் ஐடில். இன்றும் நினைவுகூரப்படுவது அவர் பெயரே. ஆனால், அவ்விளையாட்டின் பிற மாந்தருள் பெரும்பாலோரை டோனி ராபின்சன், ஜான் பெர்ட்வீ, கேட் ராபின்ஸ், ராப் பிரைடன் ஆகியோர் ஆளுக்குப் பல குரல்களில் பேசினர். பெர்ட்வீ வானொலி நகைச்சுவையில் ஊறியவர். ராபின்ஸ் 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்னும் பொம்மை நிகழ்ச்சியில் பலகுரலில் பேசியவர். பிரைடனோ அன்று பரவலாக அறியப்படாதவர். தொலைக்காட்சிப் புகழ் அவருக்கு 2000இல்தான் வாய்த்தது.

ஆக, விளையாட்டுத் துறை பெற்றுக்கொண்டது புகழை மட்டுமன்று. முகம் காட்டாமல் குரலாலேயே ஆளைக் காட்டும் பழைய வானொலிக் கலையையும்தான். நட்சத்திரப் பெயரோடு நின்றுவிடும் வரலாறு அக்கலையின் தொடர்ச்சியைத் தவறவிடுகிறது.