பரமேஸ்வரா வளவு: ஒரு பாடசாலை பல்கலைக்கழகமான வரலாறு

நூற்றாண்டையொட்டி நமது பாடசாலைக்குப் புதிய மாடிக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சு எழுவைதீவிலும், நம்மவர் வாழும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களிலும் எழுந்திருக்கிறது. பழைய இடத்தில் புதியது கட்டும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இதற்கு நமக்கு அருகிலுள்ள பாடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாறே.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். ஆண்பிள்ளைகளுக்கான பரமேஸ்வராக் கல்லூரி திருநெல்வேலியில் 1921இல்தான் தொடங்கியது. பெண்கல்வி எட்டு ஆண்டு முந்திக்கொண்டதை நாம் பெருமையோடு நினைக்கலாம். பரமேஸ்வராக் கல்லூரி வளவினுள்ளே பரமேஸ்வரன் ஆலயமும் எழுந்தது.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அந்தக் கல்லூரி வளவில் ஆரம்பமானது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது; 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பிள்ளைகள் படித்த வகுப்பறைகளில் விரிவுரைகள் நடந்தன. மாணவர் தொகை பெருகப் பெருகப் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆனால் ஆலயம் இருந்த இடத்திலேயே இருந்தது. புதியவை அதற்கு இடம்விட்டே வளர்ந்தன.

இழப்பும் உண்டு. பரமேஸ்வராக் கல்லூரி என்ற பாடசாலை அதோடு மறைந்துபோனது. பல்கலைக்கழகம் கிடைத்த மகிழ்ச்சியில் அதை நாம் அதிகம் பேசுவதில்லை. நூற்றாண்டு கண்ட பாடசாலையின் பிள்ளைகளாகிய நமக்கு அந்தப் பழைய மாணவரின் வெறுமை விளங்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் கதை வேறு. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்த அந்தக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டு, 1981இல் எரிக்கப்பட்டது. எரிந்த சுவர்களைச் சாட்சியாக அப்படியே விட வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். முடிவில் பழைய தோற்றத்திலேயே திருத்தப்பட்டு, 2004இல் மீண்டும் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பியது, எரிந்த ஏடுகள் திரும்பவில்லை.

இனி நமது தீவுக்கு வருவோம். வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் கட்டடத்தைப் பார்க்கும்போது முதலில் தேடுவது கிணற்றை. எழுவைதீவின் நிலத்தடியில் மழை தந்த நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழியின் கழிவு எளிதில் கிணற்றை எட்டிவிடும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். மாடி எத்தனை என்று பேசுமுன், குழி எங்கே, கிணறு எங்கே, கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் தொட்டி எங்கே என்று கேட்க வேண்டும்.

பழைய மண்டபத்தின் அகன்ற விறாந்தையும் ஓட்டுக் கூரையும் பங்குனி, சித்திரை வெயிலுக்கென்றே அமைந்தவை. அவற்றை இடித்துவிட்டு மின்விசிறியை நம்புவது புத்தியல்ல.

ஆகவே நமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வரைபடம் கீற முன்னரே பழைய மண்டபம், கிணறு, நிழல்மரங்கள் மூன்றையும் அளந்து தாளில் குறியுங்கள். அவற்றைத் தொடாமல் மிஞ்சும் நிலத்தில் புதிய கட்டடம் எழட்டும். அதற்கான பணத்தை எங்கிருந்தாலும் நாம் சேர்த்து அனுப்புவோம்.