டோட்டோகால்ச்சோ

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. இத்தாலிய மொழியில் கால்பந்துப் பந்தயத்தைக் குறிக்கும் 'டோட்டோகால்ச்சோ' என்னும் சொல்லின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இச்சொல்லில் இரண்டு கூறுகள் உள்ளன. 'கால்ச்சோ' என்றால் உதை. குதிகாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். உதைபந்து என்று நாம் வழங்குவதும் இங்கே நினைவுக்கு வருகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிளாரன்ஸ் நகரத்தார் ஆடிய பந்தாட்டத்திற்கு இப்பெயர் வழங்கிற்று. 1909இல் இத்தாலியக் கால்பந்துச் சங்கம் ஆங்கிலப் பெயரை நீக்கி, இதனை ஏற்றது. 'டோட்டோ' என்பது 'டோட்டலிட்சத்தோரே' என்பதன் குறுக்கம். கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாகத் திரட்டி, வென்றவர்க்குப் பகிர்ந்தளிக்கும் முறையை அது குறிக்கும். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல் அது.

இப்பந்தயத்தை எண்ணியவர் மாசிமோ டெல்லா பெர்கோலா என்னும் பத்திரிகையாளர். அவர் யூதர். 1938ஆம் ஆண்டின் இனச்சட்டங்களால் வேலையிழந்தார். போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே முகாமில் இருந்தபோதுதான் இந்த எண்ணம் அவர் உள்ளத்தில் உருவாயிற்று. போர் முடிந்தபின் நண்பர் இருவருடன் 'சிசால்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதற்சீட்டு 1946 மே 5 அன்று வெளிவந்தது. 1948இல் பந்தயம் அரசின் வசமாயிற்று. அப்போது இட்ட பெயரே டோட்டோகால்ச்சோ. எண்ணியவர் ஒருவர், பெயரிட்டவர் வேறொருவர்!

சீட்டில் உள்ளூர் அணி வெல்லும் எனின் 1, விருந்தணி வெல்லும் எனின் 2, வெற்றி தோல்வியின்றி முடியும் எனின் பெருக்கற்குறி இடுவர். 1951 முதல் நெடுங்காலம் சீட்டில் 13 ஆட்டங்கள் இருந்தன. மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றைப் பதின்மூன்று முறை பெருக்கினால் 15,94,323 வருகிறது. அத்தனை வகையாக எழுதத்தக்க சீட்டில் ஒன்றே முற்றும் சரியானது! ஆதலால் 'பதின்மூன்று செய்தான்' என்றால் பெரும்பேறு பெற்றான் என்பது பொருளாயிற்று. அந்தப் பேற்றை நம்பிச் சீட்டெழுதிய பெரும்பாலோர் இழந்தவரே என்பதையும் இக்கணக்கே நமக்கு உணர்த்துகிறது.

'டோட்டோ' ஆடுகளத்தோடு நிற்கவில்லை. புதிய அமைச்சர் யார் யார் என்று செய்தித்தாள்கள் ஊகிப்பதை இத்தாலியர் 'டோட்டோமினிஸ்திரி' என்கின்றனர். முழுமையைக் குறித்த ஒரு சொல், நாளடைவில் வெறும் ஊகத்தைக் குறிக்கலாயிற்று. ஆட்சியாளர் பெயரிடலாம், பொருளை முடிவு செய்பவர் பேசும் மக்களே.