‘அவெந்தூர்’: ஒரு சொல்லின் வணிக வரலாறு

இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கிய ‘அவெந்தூர்’ என்னும் சொல் முதலில் வீரச்செயலைக் குறித்ததன்று. ‘வந்தடைதல்’ எனும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல், மனிதனுக்குத் தற்செயலாக நேர்வதையே சுட்டியது. நமது ‘ஊழ்’ அதற்கு ஓரளவு அணித்தாக நிற்கும். வீரக்கதைகளில் அது தேடிச்சென்று ஏற்கும் இடராயிற்று. பின்னர் இலத்தீன் வடிவைத் தழுவி இடையே டகர ஒலியும் புகுந்து ‘அட்வெஞ்சர்’ ஆயிற்று.

வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது வணிகர் வழக்கையேயாம். அவர்களிடத்தில் இச்சொல் இடருக்கு உட்படுத்தப்பட்ட பணத்தைக் குறித்தது. ‘துணிகர வணிகர்’ என மொழிபெயர்க்குமிடத்து இப்பொருள் மறைந்துவிடுகின்றது. வர்ஜீனியாக் கம்பனியின் 1609 ஆம் ஆண்டுப் பட்டயம் ‘அட்வெஞ்சரர்’, ‘பிளாண்டர்’ என இரு சாராரைக் குறிப்பிடுகின்றது. முன்னவர் பெரும்பாலும் இலண்டனிலிருந்து பணம் இட்டோர். பின்னவர் கடல்கடந்து குடியேறியோர். 1609–10 குளிர்காலத்தில் வர்ஜீனியாவிலே பசிக்கு இரையானவர் குடியேறியோரே. ஆயினும் இடரேற்றோர் என்ற பெயர் பணம் இட்டவர்க்கே உரியதாயிற்று.

அயர்லாந்தில் இவ்வழக்கு மேலும் கொடிய வடிவெடுத்தது. 1641 இல் அங்கு எழுந்த கிளர்ச்சியை அடக்கப் பணம் தேடிய ஆங்கிலப் பாராளுமன்றம், கிளர்ச்சியாளரிடமிருந்து பறிக்கப்படவிருந்த 25 இலட்சம் ஏக்கர் நிலத்தை, 1642 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பணம் கொடுப்போர்க்கு ஈடாக வாக்களித்தது. நிலம் கைப்பற்றப்படுமுன்னரே அதன்மேற் பணம் திரட்டப்பட்டது! கொடுத்தவர்களும் ‘அட்வெஞ்சரர்’ எனவே பெயர்பெற்றனர். குரொம்வெல்லின் படையெடுப்பின் பின், 1653 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்களுக்குரிய நிலங்கள் சீட்டுக் குலுக்கிப் பகிரப்பட்டன. நிலமிழந்தோர்க்கு நேர்ந்ததோ பழைய பொருளிலான ‘அவெந்தூர்’; கத்தோலிக்க நிலவுடைமையாளர் பலர் ஷனன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள கொனொட் மாகாணத்துக்குப் பெயர்க்கப்பட்டனர்.