1974க்கு முன்பே தொடங்கிய தற்சார்பு: ராவத்பாட்டா, கல்பாக்கம், தூத்துக்குடி

இந்திய அணுமின் வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. 1974இல் விதிக்கப்பட்ட தடையே நம்மைத் தற்சார்புடையவர்கள் ஆக்கியது என்பது அது. புதிய அணுஉலைகளுக்கான கருவிகளை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது குறித்து இன்று நடக்கும் விவாதங்களிலும் இவ்வாக்கியமே முன்னுரையாக நிற்கிறது. மொழியியல் பயின்ற எனக்கு முதலில் உறுத்தியது இதன் இலக்கணம். ‘ஆக்கியது’ என்னும் வினைக்கு எழுவாய் ‘தடை’. வேலை செய்தவர் எவரும் இதில் இல்லை; அவர்கள் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட காலமும் இல்லை. அந்தக் காலம் 1974க்கு முந்தியது என்பதே இவ்விடுகையில் நான் சொல்ல வருவது.

கதை கனடாவில் தொடங்குகிறது. ஒன்டாரியோ மாநிலத்தின் ரோல்ஃப்டனில் அந்நாடு கட்டிய முதல் செயல்விளக்க அணுமின் நிலையத்துக்கு முதலில் வரையப்பட்டது ஒரே பெரிய அழுத்தக் கலன். அத்தகைய கலனை உருவாக்கும் கனரகத் தொழிற்சாலை கனடாவில் இல்லை. 1957இல் அந்த வரைபடம் கைவிடப்பட்டது; ஒரு பெரிய கலனுக்குப் பதிலாகப் பல சிறிய அழுத்தக் குழாய்கள் என்ற புதிய அமைப்பு வந்தது. இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்டு இயங்கும் ‘காண்டு’ வகை உலையின் உருவம் இவ்வாறுதான் நிலைபெற்றது. இயற்பியல் காரணங்களோடு, ஒரு நாட்டின் பட்டறைகளால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதும் அவ்வுருவத்தில் பதிந்திருக்கிறது.

இந்தியா 1963இல் கனடாவுடன் ஒப்பந்தம் செய்து ராஜஸ்தானின் ராவத்பாட்டாவுக்கு இதே வகையைத் தேர்ந்தபோது, செறிவூட்டிய யுரேனியம் வேண்டாம் என்பதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மையே. ஆயினும் அழுத்தக் குழாய் அமைப்பு நம் தொழில்துறைக்கும் பொருந்தியது என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதே காலத்தில் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தாராப்பூரில் கட்டிய இரு உலைகளை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவை முழுப்பொறுப்பு ஒப்பந்தத்தில் கட்டி முடித்துத் திறவுகோலாகக் கையில் தரப்பட்டவை. 1969இல் மின்சாரமும் வந்தது. ஆனால் அவ்வகை உலை ஒன்றைத் தானே செய்யும் திறனை அந்த ஒப்பந்தம் இந்தியாவுக்குத் தரவில்லை.

ராவத்பாட்டாவில் நிகழ்ந்தது வேறு. கனடாவின் டக்ளஸ் பாயின்ட் உலையை முன்மாதிரியாகக் கொண்ட முதல் அலகின் முக்கியக் கருவிகள் கனடாவிலிருந்தே வந்தன. எனினும் அதன் முதல் எரிபொருள் தொகுதியில் பாதி டிராம்பேயில் செய்யப்பட்டது. பாதி அங்கே, பாதி இங்கே என்ற இந்தப் பங்கீடு சிறு செய்தியாகத் தோன்றலாம். ஒரே உலைக்குள் இரு நாட்டு எரிபொருள் கட்டுகளும் ஒரே தரத்தில் நடந்துகொள்ள வேண்டும் என்னும்போது, இந்தியத் தயாரிப்பைக் கனடியத் தயாரிப்போடு ஒவ்வொரு அளவிலும் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கிறது. பிழையைக் காட்டித்தர ஆள் இருக்கும்போதே பிழை செய்து பழகும் வாய்ப்பு அது.

இரண்டாம் அலகுக்கு இந்தியத் தொழிற்சாலைகள் மேற்கொண்ட பங்கு இன்னும் பெரிது. 1960களில் அவை யாவை? மும்பையின் பவாயில் லார்சன் அண்ட் டூப்ரோ. சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற வால்சந்த்நகர். போபாலிலும் திருச்சியிலும் பாரத மிகுமின் நிறுவனம். ஆலைக் கொதிகலன்களும் கரும்பு பிழியும் உருளைகளும் செய்த கைகள் காலண்ட்ரியாவுக்கும் முனைக் கவசத்துக்கும் பழக வேண்டியிருந்தது. காலண்ட்ரியா என்பது கனநீரைத் தாங்கும் பெரிய உருளைக் கலன். அதன் இரு முகப்பிலும் நிற்பவை முனைக் கவசங்கள். இவ்வகை உலையில் ஒரு முனைக் கவசத்தில் 306 துளைகள். எதிர்முனையில் உள்ள 306 துளைகளோடு அவை ஒவ்வொன்றும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் குழாய்கள் ஊடே செல்லும். சர்க்கரை ஆலையில் ஒரு பற்றவைப்பு கசிந்தால் ஆலையை நிறுத்திச் சரிசெய்யலாம். கதிர்வீச்சுக்கு உள்ளான பின் இங்கு எவரும் எளிதில் நெருங்க முடியாது. பற்றவைப்பவரிடம் ஆலைக் காலத்தில் எவரும் கேட்டிராத ஒரு கேள்வியை அணுஉலை கேட்டது: இந்த இணைப்பு சரியாக உள்ளது என்பதற்கு உன்னிடம் என்ன ஆவணம் இருக்கிறது? உள்நாட்டாக்கம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த ஆவணப் பழக்கம்தான். எந்த உலோகக் கட்டியிலிருந்து எந்தத் தகடு வந்தது, யார் பற்றவைத்தார், யார் ஊடுகதிர்ப் படம் எடுத்தார் என்று வரிசையாகப் பதியும் பழக்கம்.

கல்பாக்கம் இதன் அடுத்த படி. சென்னை அணுமின் நிலையத்தை இந்தியப் பொறுப்பிலேயே கட்டும் முடிவு 1960களிலேயே எடுக்கப்பட்டது. 1967இல் எம். ஆர். சீனிவாசன் அத்திட்டத்தின் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பட்டார். பொக்ரானுக்கு ஏழு ஆண்டுகள் முன். எரிபொருளுக்காக ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் நிறுவப்பட்டது 1971இல். அதற்கு வேண்டிய சிர்க்கோனியத்தின் மூலப்பொருள் மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் உண்டு, யுரேனியம் ஜாதுகுடாவில். உலையின் நுண்ணிய இயந்திரப் பாகங்களில் பின்னர் பெயர்பெற்ற ஹைதராபாத்தின் எம்டார் நிறுவனம் தொடங்கியது 1970இல். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: சங்கிலியின் பெரும்பாலான கண்ணிகள் தடைக்கு முன்பே வார்க்கப்பட்டுவிட்டன.

பிறகு 1974 மே 18. பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா உடனடியாக உதவியை நிறுத்தியது. 1976இல் உறவு முறைப்படி முறிந்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவும் இதன் விளைவாகவே உருவானது. முதல் அலகு 1973 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் அலகு அந்நிலையை எட்டியது 1981 ஏப்ரலில். தடையின் விலை இந்த இடைவெளியில் தெரிகிறது. கட்டி முடித்தது இந்தியப் பொறியாளர்களின் பெருஞ்சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சாதனைக்குத் தடையைக் காரணமாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமான கண்ணி கனநீராக இருந்தது. 220 மெகாவாட் உலை ஒன்றுக்குத் தொடக்கத்திலேயே சுமார் 200 டன் வேண்டும். 1962 முதல் நங்கலில் இயங்கிய ஆலையின் உற்பத்தி ஆண்டுக்குப் பதினான்கு டன்னை ஒட்டியது. ஆகவே வடோதராவிலும் தூத்துக்குடியிலும் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு ஆலைகள் எழுந்தன. இவை உர ஆலைகளின் அண்டைவீடுகள். அமோனியா செய்வதற்காக உர ஆலை உண்டாக்கும் வாயு முதலில் கனநீர் ஆலைக்குள் வரும். அதிலுள்ள மிகச் சிறிதளவு கன ஹைட்ரஜன் பிரித்தெடுக்கப்பட்டபின் வாயு உர ஆலைக்கே திரும்பும். தூத்துக்குடியில் அந்த அண்டைவீடு ஸ்பிக். உர ஆலை நின்றால் கனநீரும் நிற்கும். தாமிரவருணிக் கரையின் வயலுக்குப் போகும் யூரியாவும் கல்பாக்கத்து உலைக்குப் போகும் கனநீரும் ஒரே வாயுக் குழாயை நம்பியிருந்தன என்பதை அணுமின் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

1977 ஜூலையில் தொடங்கிய வடோதரா ஆலையில் அதே ஆண்டு டிசம்பரில் வெடிவிபத்து நேர்ந்தது. தூத்துக்குடி 1978இல் இயங்கத் தொடங்கியது. கோட்டாவில் வேறொரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது: ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீரும் கொண்டு, முழுக்க உள்நாட்டு வடிவமைப்பில், உர ஆலையை நம்பாமல் செய்வது. ஆனால் அதற்கு நீராவியும் மின்சாரமும் பக்கத்திலிருந்த ராவத்பாட்டா உலைகளிலிருந்து வரவேண்டும். உலை ஓடக் கனநீர் வேண்டும், கனநீர் வர உலை ஓடவேண்டும் என்ற இந்த வட்டத்தில் சிக்கி, அந்த ஆலை 1985இல்தான் செயல்பட்டது. இடைக்காலத்தில் ராவத்பாட்டாவின் இரண்டாம் அலகுக்குச் சோவியத் ஒன்றியத்திடமிருந்து, பன்னாட்டுக் கண்காணிப்பு நிபந்தனையோடு, கனநீர் வாங்க நேர்ந்தது. கல்பாக்கத்தின் முதல் அலகு 1981இல் கட்டி முடிக்கப்பட்டும் கனநீருக்காகக் காத்திருந்தது; 1983 ஜூலையில்தான் அதில் தொடர்வினை தொடங்கியது. காலண்ட்ரியா உள்நாட்டுத் தயாரிப்பு, குழாய் உள்நாட்டுத் தயாரிப்பு, எரிபொருள் உள்நாட்டுத் தயாரிப்பு. ஆயினும் உலை சும்மா இருந்தது. உள்நாட்டுப் பங்கு இத்தனை விழுக்காடு என்று பெருமிதத்தோடு சொல்லும் கணக்கில் இந்தக் காத்திருப்பைக் குறிக்கக் கட்டம் கிடையாது. (பின்னாளில் இந்தியா கனநீர் ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

பொருள் நின்றதை எப்படியோ ஈடுசெய்தார்கள். ஈடுசெய்ய அரிதாக இருந்தது செய்திப் பரிமாற்றம். 1980களின் தொடக்கத்தில் ராவத்பாட்டா முதல் அலகின் முனைக் கவசத்தில் விரிசல் கண்டது. அது 3.5 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகு. கதிர்வீச்சில் நொறுங்கும் தன்மை அடையக்கூடியது. பிந்தைய உலைகளில் துருவேறா எஃகுக்கு மாறினார்கள். ஆனால் முதல் அலகு அதன்பின் முழுத்திறனை எட்டவே இல்லை. 2004க்குப் பின் இயங்கவும் இல்லை. அதன் முன்மாதிரியான டக்ளஸ் பாயின்ட்டைக் கனடா 1984இல் மூடிவிட்டது. 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் ஓர் அழுத்தக் குழாய் வெடித்துப் பிளந்தது. அந்த உலோகக் கலவையான சிர்க்கலாய்-2தான் நம் உலைகளிலும் இருந்தது. ராவத்பாட்டா இரண்டாம் அலகின் குழாய்கள் அனைத்தையும் மாற்றும் பணி 1994இல் தொடங்கி 1998இல் முடிந்தது. அதைச் செய்யத் தேவையான கருவிகளையும் முறைகளையும் இங்கேயே உருவாக்கினார்கள். இத்துறையின் மெய்யான தற்சார்புச் சாதனை எது என்று என்னைக் கேட்டால் இந்தக் குழாய் மாற்றத்தையே சுட்டுவேன். மேடைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

செய்தி வந்தும் பயனின்றிப் போகலாம் என்பதற்கு நரோரா சான்று. 1993 மார்ச் 31 விடியலில் அங்கு விசையாழியின் தகடுகள் உடைந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. மின்கம்பிகள் எரிந்து நிலையம் பல மணி நேரம் முழு மின்னிழப்பில் கிடந்தது. விசையாழி இந்தியாவில் செய்யப்பட்டது. அதன் வடிவமைப்பு வெளிநாட்டுடையது. தகடுகளின் குறை பற்றி வடிவமைப்பாளர்கள் சில ஆண்டுகள் முன்பே தெரிவித்திருந்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முன்னாள் தலைவர் அ. கோபாலகிருஷ்ணன் பின்னர் எழுதினார். அந்த எச்சரிக்கைக்கு எந்த நாட்டுத் தடையும் குறுக்கே நிற்கவில்லை. உற்பத்தியாளருக்கும் உலையை இயக்குவோருக்கும் இடையில்தான் அது தேங்கியது.

இனி, அறுபடுதலின் இன்னொரு வகை. 1984இல் வகுக்கப்பட்ட திட்டம் 2000ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்றது. தொழிற்சாலைகளுக்கு முன்கூட்டியே ஆணைகள் தரப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் நிதி வற்றியது. அத்திட்டத்தில் ரூ. 5,200 கோடிக்கு மேல் செலவாகியும் 1998 மார்ச் வரை கூடுதல் மின்சாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று தலைமைக் கணக்காயர் அறிக்கை பதிவுசெய்தது. 2000இல் நாட்டின் மொத்த அணுமின் திறன் 2,700 மெகாவாட்டை ஒட்டியே இருந்தது. ஒரு பட்டறை அணுத்தரச் சான்று பெற்று, ஆட்களைப் பயிற்றி, பத்தாண்டுக்கு ஒருமுறை ஆணை பெற்றால் என்ன செய்யும்? பயிற்சி பெற்ற பற்றவைப்பாளர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் பொருள் வழங்குவோரையும் பொறுப்பாக்கியபோது தயங்கியவர்களில் உள்நாட்டு நிறுவனங்களும் அடங்கும், 2015இல் ரூ. 1,500 கோடிக் காப்பீட்டுத் தொகுப்பு அமைத்தே அத்தயக்கத்தைத் தணிக்க முயன்றார்கள்.

2017இல் பத்து 700 மெகாவாட் உலைகளுக்கு ஒரே முறையில் அனுமதி தந்தது இந்த அறுபடுதலுக்கான மறுமொழி என்றே நான் வாசிக்கிறேன். கைகா, கோரக்பூர், சுட்கா, மாஹி பான்ஸ்வாடா ஆகிய இடங்களுக்கான கருவிகளை மொத்தமாகக் கேட்டால் தொழிற்சாலைகளின் உலை அணையாது என்பது கணக்கு. இவ்வகையின் முதல் உலையான காக்ராப்பார் மூன்றாம் அலகுக்கு முதல் கான்கிரீட் இட்டது 2010 நவம்பரில். தொடர்வினை 2020 ஜூலையில். வணிக உற்பத்தி 2023இல். வெளிநாட்டுத் தடை எதுவும் இல்லாத காலத்தின் கால அளவு இது. 2047க்குள் 100 கிகாவாட் என்ற அறிவிப்பை வாசிக்கும் மாணவர்கள் இந்த ஆண்டுகளையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்துறையில் ஆய்வுத் தலைப்பு தேடுவோருக்கு ஒரு வேண்டுகோள். நமக்குக் கிடைக்கும் நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் தலைமைப் பொறியாளர்களுடையவை. பவாயிலும் வால்சந்த்நகரிலும் திருச்சியிலும் அந்த 306 துளைகளைத் துளையிட்டவர்கள், பற்றவைத்தவர்கள், ஊடுகதிர்ப் படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தவர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாறு தொகுக்கப்பட்டு நான் இதுவரை கண்டதில்லை. 1970இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைக் கடந்திருக்கும். ராவத்பாட்டாவின் இரண்டாம் அலகுக்கு வந்த கனடிய வரைபடத்தில் புரியாத ஓர் இடத்தை 1973இல் யாரிடம் கேட்டார்கள், 1975இல் யாரிடம் கேட்டார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க முடியும்.