தோட்டம் போதும் என்ற சிறுவன்: செசல்டனின் 1728 அறிக்கையை மறுபடி வாசித்தல்

லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சிறு வயதிலிருந்தே கண்புரையால் பார்வையற்றிருந்த ஒரு பையனைப் பற்றி 1728இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய நான்கு பக்க அறிக்கை, எடுத்தாளப்பட்ட அளவுக்கு வாசிக்கப்படவில்லை. பிறவியிலிருந்தே பார்வையில்லாதவர் பார்வை பெற்றால், தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் மட்டும் அடையாளம் காண்பாரா என்ற மொலினோவின் கேள்விக்கு விடை தேடியவர்களின் கையில்தான் அது நெடுங்காலம் இருந்தது. தமக்கு வேண்டிய நான்கைந்து வாக்கியங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொருள்கள் எல்லாம் தன் கண்ணைத் தொடுவதாகப் பையன் நினைத்தது, பூனை எது நாய் எது என்று மறந்துபோனது, படங்கள் கனப்பொருள்களைக் குறிக்கின்றன என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது ஆகியவை அவை. தத்துவவாதி பெர்க்லி 1733இல், பார்வையும் தொடுகையும் தருபவை வேறுவேறு என்ற தம் பழைய கொள்கைக்குச் சாட்சியாக இதே அறிக்கையை முன்வைத்த பிறகு, வேறு விதமாக அதை வாசிக்க ஆளில்லாமல் போயிற்று.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அறிக்கையின் பின்பகுதியில் வரும் ஓர் இடத்தை. கண்ணில் ஊசி வைப்பதற்கு முன் பையன் என்ன நினைத்தான் என்பதை அங்கே செசல்டன் பதிவு செய்கிறார். படிப்பதும் எழுதுவதும் நீங்கலாக, சிகிச்சைக்கு உட்படும் அளவுக்குப் பார்வையால் பெரிய ஆதாயம் எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தில் அவன் பத்திரமாகவும் தடுமாற்றமில்லாமலும் நடப்பான். வெளியே உலாவினால் அதைவிடக் கூடுதல் இன்பம் கிடைக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பார்வையின்மைக்கு ஓர் அனுகூலமும் உண்டு என்கிறான்: இருட்டில் பார்வையுள்ளவர்களைவிட அவன் நன்றாக நடமாடுவான்.

இந்த இடத்தைத் தொட்டவர்கள் இரண்டு வழியில் போயிருக்கிறார்கள். பழைய வழி இதை அறியாமை என்று எடுத்துக்கொள்கிறது. காணாதவனுக்குக் காட்சியின் இன்பம் எப்படித் தெரியும், புலன் வழியே வராத எண்ணம் மனத்தில் இல்லை என்ற லாக்கின் கோட்பாட்டுக்கு இதுவும் ஒரு சான்று என்று அது முடித்துக்கொள்கிறது. அண்மைக் கால வழி இதற்கு நேர் எதிர். பையன் மறுத்தான், மருத்துவரும் வீட்டாரும் அந்த மறுப்பை மீறினார்கள், அறிக்கை அதை மழுப்புகிறது என்பது அதன் வாதம். இரண்டாவது வழியின் பரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூலத்தில் மறுப்பு என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பது ஒரு கணக்கு. பதின்மூன்று முடிந்து பதினான்கு நிறையாத ஒரு பையன், தனக்கு வரப்போவதையும் தான் கொடுக்கவேண்டியதையும் எடை போட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் வரவில் எழுதியிருக்கிறான்.

கொடுக்கவேண்டியது என்ன என்பதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். புரையேறிய விழிவில்லையை வெளியே எடுப்பதல்ல அன்றைய முறை. வெண்விழியின் வழியே ஊசியைச் செலுத்தி, வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். சுசுருத மரபிலும் வழங்கிய முறைதான் இது. ஈதர் மயக்கத்தில் அறுவை செய்து காட்டியது 1846இல். கண்ணை மரக்கவைக்கக் கொக்கெய்ன் வந்தது 1884இல். ஆகவே பையன் முழு நினைவோடு, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் ஒத்துழைக்காவிட்டால் ஊசி நினைத்த இடத்துக்குப் போகாது. இந்தச் சூழலில் பிள்ளையின் மனநிலை என்பது அறநெறிக்கு மட்டும் உரிய விஷயமாக இருந்திருக்க முடியாது. செசல்டன் அதைக் கேட்டதற்கும் எழுதிவைத்ததற்கும் ஓரளவு தொழில்முறைக் காரணமும் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

வரவில் எழுதியதற்கு வருவோம். படிப்பும் எழுத்தும் ஏன்? பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புடைப்பு எழுத்தை வாலண்டைன் ஆவி பாரிஸில் பள்ளி வைத்துக் கற்பித்தது 1780களில். லூயி பிரெயில் தம் முறையை வெளியிட்டது 1829இல். 1728இன் லண்டனில் ஒரு புத்தகத்தைத் தானே படிக்கக் கண்ணை விட்டால் வேறு வழி கிடையாது. கேட்டுக் கற்க வழி இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் பார்வை இழந்த நிக்கலஸ் சான்டர்சன், 1711 முதல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியில் இருந்தார். பையனின் வீடு வசதியான வீடு. தலைப்பிலேயே செசல்டன் அவனை இளங்கனவான் என்றுதான் சொல்கிறார். வாசித்துக் காட்ட ஆள் வைத்திருக்க முடியும். அப்படியிருந்தும் அவன் தானாகப் படிக்க விரும்பினான். நடை, தோட்டம், வீடு, இருட்டு ஆகிய எல்லாவற்றையும் தொடுகையும் காதும் அவனுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தன. அவை கொடுக்க முடியாத ஒன்றை அவன் சரியாகத் தனியே பிரித்தெடுத்திருக்கிறான். இதை அறியாமை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இங்கே வோல்டேர் குறுக்கிடுகிறார். 1738இல் நியூட்டன் தத்துவத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கதையை அவர் திருப்பிச் சொல்கிறார். பையன் எளிதில் இணங்கவில்லை என்றும், படிக்கவும் எழுதவும் வேண்டும் என்ற ஆசையைப் பிறர் அவனுக்கு ஊட்டியிராவிட்டால் அவன் பார்வையையே விரும்பியிருக்க மாட்டான் என்றும் அவர் எழுதுகிறார். ஆசையைப் பிறர் ஊட்டினார்கள் என்ற செய்தி செசல்டனிடம் இல்லை. மறுப்பு வாதத்தின் முழுப் பாரமும் உண்மையில் இந்தப் பிரெஞ்சு வரிகளின் மேல்தான் நிற்கிறது. வோல்டேர் 1726 முதல் இரண்டாண்டுக்கு மேல் இங்கிலாந்தில் இருந்தவர் என்பதால், வாய்மொழியாக ஏதோ அவர் காதில் விழுந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பத்தாண்டு கழித்து, வேறொரு வாதத்துக்காக எழுதியவரின் சேர்க்கையை, மருத்துவரின் சமகாலப் பதிவுக்கு மேலாக வைப்பது முறையல்ல. அவர் சொன்னது சரியென்றே வைத்துக்கொண்டாலும், பிறர் ஊட்டாத ஆசை எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது? வீட்டில் யாரோ அவனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியிருப்பார்கள். அதனால் அந்த ஆசை அவனுடையதல்ல என்று ஆகிவிடாது.

பார்வையற்றவன் தன் நிலையில் நிறைவு கொள்வது அந்த நூற்றாண்டின் தத்துவ அலங்காரம், செசல்டனே அதைப் பையன் வாயில் வைத்திருப்பார் என்றொரு ஐயமும் எழுப்பப்படுவதுண்டு. திதெரோவின் 1749 கடிதத்தில், கண்ணுக்குப் பதில் நீண்ட கைகள் கிடைத்தால் போதும் என்னும் புய்சோ ஊர்ப் பார்வையற்றவரை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். அவர் வருவது இருபத்தோரு ஆண்டு கழித்து. இதற்கு மேல் அந்த ஐயத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பையனின் கணக்கை ஒப்புக்கொண்டால், அறிக்கையின் மற்ற இடங்களும் வேறு ஒளியில் தெரிகின்றன. பூனைச் சம்பவத்தில் தத்துவவாதிகள் கண்டது தொடுகையும் பார்வையும் ஒன்றோடொன்று பொருந்தாமையை. அதே வாக்கியத்தில், திரும்பத் திரும்பக் கேட்க அவன் வெட்கப்பட்டான் என்றும் இருக்கிறது. பூனையைப் பிடித்துத் தடவி அறிந்து, உற்றுப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லி இறக்கிவிடுகிறான். அதையும் யாரோ கவனித்துக் குறித்திருக்கிறார்கள். ஒரு நாளில் ஆயிரம் பொருள்களைக் கற்று ஆயிரத்தையும் மறந்ததாக அவனே சொல்லியிருக்கிறான். தன் ஒவ்வொரு விடையும் எடைபோடப்படும் வீட்டில், தவறினாலும் பார்க்க ஆளில்லாத ஒரு மூலையைத் தேடிய பிள்ளையை இங்கே காண்கிறேன். தான் மிகவும் நேசித்தவர்களே கண்ணுக்கும் மிக அழகாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து, அப்படி இல்லாததைக் கண்டு அவன் வியந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அந்த வியப்பைப் புலனறிவு ஆய்வு பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. தாயின் கடிகாரத்தில் தொங்கிய சிமிழில் தந்தையின் படத்தை அவன் பார்த்த காட்சியைத் தவிர, பெற்றோர் அறிக்கையில் எங்கும் இல்லை. முடிவை எடுத்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுடைய பயமும் தயக்கமும் நமக்குக் கிடைக்கவில்லை.

அவன் மருத்துவரைக் காணும்போதெல்லாம் ஆனந்தக் கண்ணீர் விட்டான், அவர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அழுதான் என்ற பகுதி நன்றியின் சான்றாகவே சொல்லப்பட்டு வருகிறது. செசல்டனும் அப்படித்தான் புரிந்துகொண்டார். முதல் பாதிக்கு அது பொருந்தும். வராத நாளில் வந்த அழுகை நன்றியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கண்ணில் ஊசி செலுத்தியவர்தான் அந்தக் கண்ணின் போக்கை அறிந்த ஒரே ஆள். அவரை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்திருக்கும். இதை நிறுவ முடியாது. ஆனால் நன்றி என்ற ஒரே பெயரால் மூடிவைப்பதும் நிறுவப்பட்டதல்ல.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அறிக்கையில் இல்லாத ஒன்று. ஓராண்டு கழித்து எப்சம் மேட்டு வெளிக்குக் கூட்டிப்போனபோது பையன் அடைந்த பெருமகிழ்ச்சியைச் செசல்டன் எழுதுகிறார். இரவில் விளக்கில்லாமல் வீட்டில் நடமாடும் திறனை அவன் உடனே இழந்துவிடவில்லை என்பதை எழுதுகிறார். அவன் படிக்கக் கற்றானா என்பதை எழுதவில்லை. சிகிச்சைக்கு உட்படத் தக்க காரணமாகப் பையன் கருதிய ஒன்றே ஒன்று, பயன்களின் பட்டியலில் இடம்பெறவில்லை. வில்லை நீங்கிய கண்ணுக்குத் தடித்த குவிவில்லைக் கண்ணாடி இல்லாமல் அச்செழுத்து தெளிவாகத் தெரியாது. அப்படியொரு கண்ணாடியைப் பற்றியும் அறிக்கையில் பேச்சில்லை. எப்சத்தில் அவன் கண்டது அவன் கேட்காத இன்பம். அது பெரிய இன்பம் என்பதில் ஐயமில்லை. கேட்டதற்கு விடையோ இல்லை. ஆய்வாளர்கள் விடை தேடியது வேறொரு கேள்விக்கு. 2011இல் இந்தியாவில், 8 முதல் 17 வயதுக்குள் சிகிச்சை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம், பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சையளித்து ஆராயும் பிரகாஷ் திட்டத்தார் மொலினோவின் கேள்வியையே நேராகச் சோதித்தார்கள். தொட்டதைக் கண்ணால் அடையாளம் காண்பது முதல் இரண்டு நாளுக்குள் ஏறக்குறைய ஊகத்தின் அளவிலேயே நின்றது. அந்த ஆய்வைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய அறிக்கையை வாசிப்பவர்களும் அதே கேள்வியோடுதான் இன்னமும் உள்ளே நுழைகிறார்கள்.

கடைசியாக இரண்டாம் கண். அறிக்கை எழுதப்படும் தறுவாயில்தான் அதற்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. பொருள்கள் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தன என்ற அளவோடு செசல்டன் நிறுத்திக்கொள்கிறார். முதல் கண்ணின்போது பையனுக்கு ஊசியும் தெரியாது, பார்வையும் தெரியாது. இப்போது இரண்டும் தெரியும். அவனுடைய பழைய கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல தருணம் இல்லை. ஆனால் இம்முறை அவனிடம் கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன சொன்னான் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவன் மகிழ்ச்சியோடு இரண்டாம் முறையும் இணங்கினான் என்பதற்கும், மனமில்லாமல் இணங்கினான் என்பதற்கும் மூலத்தில் சம அளவு ஆதாரம்தான் உண்டு, அதாவது ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்தின் கடிதமோ கணக்கேடோ வெளிப்படும்வரை, அந்த இடத்தை வெற்றிடமாகவே பதிப்பாசிரியர்கள் காட்ட வேண்டும்.