மாட்டிக்கிட்டேன், வழி சொல்லுங்க!

ஒரு உத்தியோகம் சொல்கிறேன். நம்புவீர்களா, பாருங்கள்.

காலையில் ஆபீசுக்குப் போகவேண்டும். டி.வி. முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடவேண்டும். நடுநடுவே போன் அடிக்கும். எடுத்தால், மறுமுனையில் பத்து வயதுப் பொடியன் ஒருவன்.

'ஏழாவது குகையில ஒரு பூதம் வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. வெட்டினாலும் சாகமாட்டேங்குது. முணுமுணுன்னு ஏதோ சொல்லுது. என்ன பண்றது?'

'அதுக்கு நிஜமாவே உன்மேல கோபமா? இல்ல, பசியா? யோசிச்சியா?'

ஒரு விநாடி மௌனம். அப்புறம் 'ஆ!' என்று ஓர் அலறல். டொக். போனை வைத்துவிட்டான்.

ஆங்கிலத்தில் முணுமுணுப்பதற்கும் வயிறு கடமுடா என்பதற்கும் ஒரே சொல்தான். புதிரே அதில்தான் இருக்கிறது. கடையில் ஒரு துண்டு இறைச்சி வாங்கிப் போட்டால் பூதம் வழி விட்டுவிடும். கேமின் பெயர், த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா. இப்படி போனில் வழி சொல்பவருக்கு 'கேம் கவுன்சிலர்' என்று பெயர். மைக்ரோசாஃப்ட்டின் ஊராக நமக்குத் தெரிந்த ரெட்மண்டில்தான் நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 80களின் பிற்பகுதியில் சிலரோடு அங்கே ஆரம்பித்த இந்த வேலை, கொஞ்ச காலத்திலேயே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. மேஜைமேல் தடித்தடியாக ஃபைல்கள். அவற்றுக்குள் கையால் வரைந்த மேப்புகள், குறிப்புகள்.

விளையாட்டுக்கு வழி சொல்ல ஒரு கம்பெனி ஏன் சம்பளம் கொடுக்கவேண்டும்? கொஞ்சம் பின்னால் போகலாம்.

1982 கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் வீடியோ கேம் என்றால் அடாரிதான். ஈ.டி. படம் சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, அதே பெயரில் ஒரு கேமை ஐந்தே வாரத்தில் அவசரமாகச் செய்து கடைக்கு அனுப்பினார்கள். ஊற்றிக்கொண்டது. அது மட்டுமா? ஆளாளுக்கு கேம் போட்டார்கள். எது நல்லது, எது குப்பை என்று சொல்ல ஆளில்லை. வாங்கி ஏமாந்த ஜனங்கள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினார்கள். 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம், 1985இல் 10 கோடிக்கு வந்துவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். விற்காத கேசட்டுகளை அடாரி நியூ மெக்சிகோ மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தது. வெறும் வதந்தி என்றுதான் பலர் நினைத்தார்கள். 2014இல் தோண்டினார்கள். கேசட்டுகள் வந்தன.

இந்த இழவு வீட்டுக்குள்தான் 1985இல் நிண்டெண்டோ நுழைந்தது. 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி. வீடியோ கேம் என்றாலே நியூயார்க் கடைக்காரர்கள் கும்பிடு போட்டார்கள். 'காசு இப்போது வேண்டாம். விற்காததை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லித்தான் அலமாரியில் இடம் பிடிக்கவேண்டியிருந்தது.

ஆச்சா? கடைக்காரரைச் சமாளித்தாகிவிட்டது. வாங்குகிறவரை?

1987 ஆகஸ்டில் ஜெல்டா அமெரிக்காவுக்கு வந்தது. இதை ஒரே மூச்சில் ஆடி முடிக்கமுடியாது. ஆட்டத்தைச் சேமித்துவைக்க கேசட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி. எந்தச் சுவரில் குண்டு வைத்தால் கதவு திறக்கும், எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும் என்று தேடித்தேடி அலையவேண்டும். இதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவின் எண்ணமே, பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுதான். கேட்க ஆளில்லாத பையன் என்ன செய்வான்? நாலு நாள் முட்டிப் பார்த்துவிட்டுக் கேசட்டைத் தூக்கி மூலையில் போடுவான். அடுத்த கேசட்டை வாங்கமாட்டான். வியாபாரம் முடிந்தது.

அதனால்தான் போன். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது செலவுக் கணக்கில் எழுதவேண்டிய சமாச்சாரம் இல்லை, முதலீடு. உலகம் முழுக்க 65 லட்சத்துக்கும் மேல் ஜெல்டா விற்றது.

போனோடு நிற்கவில்லை. 1988இல் 'நிண்டெண்டோ பவர்' என்று சொந்தமாகவே ஒரு பத்திரிகை. மேப்புகளும் குறுக்குவழிகளும் கவுன்சிலர்களின் கேள்வி-பதிலும் அதில் பிரசித்தம். அதன் ஆசிரியர்களில் ஒருவர் ஹோவர்ட் பிலிப்ஸ். கம்பெனியின் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எந்த கேம் தேறும், எது தேறாது என்று சரியாகச் சொல்வார் என்பதால் மேலே வந்தவர். ஜப்பானில் 1986இல் வெளியான சூப்பர் மேரியோ இரண்டாம் பாகத்தை அவரிடம் கொடுத்து ஆடச் சொன்னார்கள். ஆடினார். 'இது ஆட்டமில்லை, தண்டனை' என்கிற ரீதியில் அபிப்பிராயம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த கேம் அமெரிக்காவுக்கு வரவில்லை. வேறொரு ஜப்பானிய கேமில் மேரியோவின் ஆட்களை நுழைத்து, அதையே இரண்டாம் பாகம் என்று 1988இல் விற்றார்கள். அசல் இரண்டாம் பாகத்தை அமெரிக்கப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க 1993 ஆயிற்று. ஒரு முன்னாள் குடோன்காரரின் அபிப்பிராயத்துக்கு எவ்வளவு வலு, பாருங்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் கடைக்காரரே தராசையும் பிடித்தால்? கேம் போடுவதும் அவர்கள். எந்த கேம் நல்லது என்று பத்திரிகையில் எழுதுவதும் அவர்கள். இலவசமாக ஆரம்பித்த போனுக்கும் சீக்கிரமே காசு கொடுக்கவேண்டி வந்தது. கேள்வியும் நமது, பதிலும் நமது, நடுவில் மீட்டர் ஓடும்!

1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸைச் சொல்லவேண்டும். பாதி ஆட்டத்தில் ஓர் எண் கேட்கும். அது திரையில் எங்கேயும் கிடையாது. கேசட் பெட்டிக்குள் கேம் கதாபாத்திரம் எழுதியதாக ஒரு காகிதக் கடிதம் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்தால் எண் தெரியும். 747. அருமையான யோசனைதான். ஆனால் வாடகைக்கு எடுத்தவனும் பழைய கேசட் வாங்கியவனும் கடிதத்துக்கு எங்கே போவான்? போன்தான் கதி. கேசட் வாடகைக் கடைகளை நிண்டெண்டோவுக்கு ஆகவே ஆகாது என்பதையும், 1989இல் பிளாக்பஸ்டர்மீது அது வழக்குப் போட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வந்த டி.வி. கேம் பெட்டிகள் பெரும்பாலும் இந்த நிண்டெண்டோவின் நகல்கள். 'நூற்றுக்கணக்கான கேம்' என்று அச்சடித்த மஞ்சள் கேசட். உள்ளே அதே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். கையேடு கிடையாது, பத்திரிகை கிடையாது, போன் கிடையாது. ஆனாலும் 90களில் காண்ட்ரா ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று தூக்கத்திலும் சொல்வார்கள். மூன்று உயிர் முப்பதாகும். கஸுஹிஸா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி ஊழியர், கிரேடியஸ் என்ற இன்னொரு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது ஆடமுடியாமல் திணறித் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. இங்கே அதைச் சொல்லிக்கொடுத்தது கம்பெனி இல்லை. தெருக்கோடி அண்ணன். கட்டணம், ஒரு ஆட்டம் ஆடக் கொடுக்கவேண்டும்.

1995இல் கேம்ஃபாக்ஸ் வந்தது. காசு வாங்காமல் பக்கம் பக்கமாக வழி எழுதி இணையத்தில் போட்டார்கள், ஆடித் தேர்ந்தவர்கள். அப்புறம் போன் எதற்கு? 2005இல் கவுன்சிலர்கள் போனை வைத்தார்கள். 2012 டிசம்பரோடு பத்திரிகையும் நின்றது. இன்று எந்தக் குகையில் மாட்டிக்கொண்டாலும் யூடியூபில் முழு ஆட்டத்தையும் யாராவது ஆடிக் காட்டியிருப்பார்கள். பைசா செலவில்லை. நல்லதுதான்.

ஒன்றே ஒன்றுதான் குறை. வீடியோவுக்கு முழுப் பதில்தான் தெரியும். எதிரில் இருப்பவனுக்கு எவ்வளவு சொன்னால் போதும், எங்கே நிறுத்தினால் மிச்சத்தை அவனே கண்டுபிடிப்பான் என்று தெரியாது. 'பசியா, யோசிச்சியா?' என்று கேட்டுவிட்டு ஒரு விநாடி வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவருக்குத்தான் அன்றைக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.