ஆட்கொணர்வு மனுத் தள்ளுபடியின் மேல்முறையீடு (அமெரிக்கா)

தன் வழக்குரைஞர் திறமையாக வாதாடாததால்தான் தண்டனை பெற்றதாகக் கூறும் கைதியின் ஆட்கொணர்வு மனுவைக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தபின் அவருக்கு எஞ்சும் வழி இது. மாநிலச் சிறைக் கைதி 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு மேல்முறையீட்டுக்கான தகுதிச் சான்றும் பெற வேண்டும். மாவட்ட நீதிபதி சான்று தர மறுத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே கேட்கலாம். வழக்குரைஞர் இல்லாத கைதி தன் அறிவிப்பைச் சிறை அலுவலரிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் நாள் என 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாநிலக் கைதிகளும் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாட 1867ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. முடிந்துபோன தண்டனைத் தீர்ப்புகளை மறுஆய்வு செய்ய அச்சட்டம் எந்த அளவுக்கு இடமளித்தது என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. மேல்முறையீட்டுக்குச் சான்று கேட்கும் முறை 1908இல் வந்தது.

இவ்வரலாற்றில் விரிவாகப் பதிவானது கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனின் வழக்கு. ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் 1961இல் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாக அவர்மீது குற்றச்சாட்டு. வழக்குரைஞர் வைத்துக்கொள்ளப் பணமில்லை, நீதிமன்றமே அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே அப்படித் தர முடியும் என்றார் நீதிபதி. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்றார். மாநில உச்ச நீதிமன்றம் அவரது ஆட்கொணர்வு மனுவைத் தள்ளியது. சிறையில் கிடைத்த கோடிட்ட தாளில், பென்சிலால், நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில், முன்பு விசாரித்த அதே நீதிபதி முன் மறுவிசாரணை நடந்தது. இம்முறை உடன் ஒரு வழக்குரைஞர் இருந்தார். முதன்மைச் சாட்சியை அவர் துருவித் துருவி விசாரித்தார். நடுவர் குழு சுமார் ஒரு மணி நேரத்தில் கிடியனை விடுவித்தது.

வழக்குரைஞர் இருந்தும் பயனில்லாதபோது என்ன செய்வது என்பதற்கான அளவுகோலை 1984ஆம் ஆண்டின் ஸ்டிரிக்லண்ட் தீர்ப்பு வகுத்தது. வழக்குரைஞரின் பணி நியாயமான தரத்துக்குக் கீழே இருந்தது, அந்தக் குறை இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்புண்டு என இரண்டையும் கைதி காட்ட வேண்டும். இது மிகக் கடினமான அளவுகோல் என்போரும், தீர்ப்புகளின் உறுதிக்கு இன்றியமையாதது என்போரும் உண்டு. தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில் மனுதாரர் டேவிட் வாஷிங்டனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1991இல் கோல்மன் வழக்கில், மாநில மேல்முறையீட்டு அறிவிப்பை வழக்குரைஞர் மூன்று நாள் தாமதமாகத் தந்ததற்காகக் கைதிக்குக் கூட்டாட்சி நீதிமன்றக் கதவு அடைபட்டது.

ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்புக்குப் பின் இயற்றப்பட்ட 1996ஆம் ஆண்டுச் சட்டம் மனுவுக்கு ஓராண்டுக் கெடு விதித்து, சான்றின் விதிகளையும் திருத்தியது. அரசமைப்பு உரிமை மறுக்கப்பட்டதற்குக் கணிசமான அடிப்படையைக் காட்டினால்தான் இப்போது சான்று. டெக்சஸ் கைதி டுவேன் பக்கின் வழக்கு இங்கே கவனத்துக்குரியது. கறுப்பினத்தவர் என்பதால் அவர் மீண்டும் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு கூடுதல் எனக் கருதிய உளவியலாளரைச் சாட்சிக்கு அழைத்தவர் அவருடைய சொந்த வழக்குரைஞரே. மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்றை மறுத்தது. சான்றுக் கட்டத்திலேயே வழக்கின் தகுதியை எடைபோட்டது தவறு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது.

கோல்மன் தீர்ப்பின் இறுக்கத்தை 2012ஆம் ஆண்டின் மார்டினெஸ் தீர்ப்பு ஓரளவு தளர்த்தியது. அவ்வழியில் வருவோர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் புதிய ஆதாரங்களை முன்வைப்பதை 2022ஆம் ஆண்டின் ஷின் தீர்ப்பு பெரிதும் கட்டுப்படுத்தியது.